ஆப்பிரிக்காவின் ஊர்த் தலைவிகளுக்கு எது உண்மையான துணை?

ஆப்பிரிக்க நாடுகளில் ஊர் மேம்பாட்டுக்காக முன்னால் நிற்கும் பெண்களை எப்படி இனங்காண்பது, விருதும் பாராட்டும் அவர்களுக்கு நிஜமாகவே உதவுமா, வெளியிலிருந்து ஆதரிக்க நினைப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விருது உதவும். ஆனால் பெரும்பாலும் அது காலம் கடந்து வருகிறது. பலர் சேர்ந்து இழுத்த தேருக்கு ஒருவர் கழுத்தில் மட்டும் மாலை விழுகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது பணமும், அடி விழும் நேரத்தில் பாதுகாப்பும்தான் அந்தப் பெண்களுக்கு முதலில் தேவை. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்த சில இடங்களையும் சில பெண்களையும் வைத்தே சொல்கிறேன்.

கென்யாவின் வங்காரி மாத்தாயிலிருந்து தொடங்கலாம். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் என்று எல்லாரும் அறிவார்கள். அந்தப் பரிசுக்கு முந்தைய 27 ஆண்டுகளை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1970-களில் கென்யத் தேசியப் பெண்கள் மன்றத்துக்கு வந்த கிராமத்துப் பெண்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள்: விறகுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது, ஓடைகள் வற்றுகின்றன, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை. தேயிலைக்கும் காப்பிக்குமாகக் காடுகள் அழிந்ததும் இந்தக் குறைகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்று மாத்தாய் புரிந்துகொண்டார். நைரோபி பல்கலைக்கழகத்தில் 1971-ல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். 1977 ஜூன் 5 அன்று நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் 7 மரக்கன்றுகளை நட்டுத் தொடங்கியதுதான் பசுமைப் பட்டை இயக்கம்.

அந்த இயக்கம் நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரம் வளர்க்கப் பட்டயம் படித்தவர்கள் வேண்டும் என்று வனத்துறையினர் சொன்னார்கள். கிராமத்துப் பெண்களோ தலைமுறை தலைமுறையாக விதை போட்டுப் பயிர் எடுத்தவர்கள். ஊரில் உள்ள மரங்களிலிருந்தே விதை சேகரித்து, உடைந்த பானையிலும் கிடைத்த பாத்திரத்திலும் நாற்று வளர்த்தார்கள். நட்ட கன்று பிழைத்தால், கன்று ஒன்றுக்குச் சில சென்ட் காசு கொடுக்கப்பட்டது. நட்டால் மட்டும் போதாது, பிழைத்திருக்க வேண்டும். கணக்கு வைத்ததும் கன்றுகளைப் போய்ப் பார்த்து எண்ணியதும் பக்கத்து ஊர்ப் பெண்களே. தொகை சிறியதுதான். ஆனால் பல பெண்களுக்கு அது தங்கள் கையில் நேராக வந்த பணம். ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியமும் நார்வே நாட்டு வனவியல் சங்கமும் 1980-களின் தொடக்கத்தில் கொடுத்த ஆதரவுதான் இந்த முறையை நாடெங்கும் விரிக்க வழி செய்தது. பெயர் தெரியாத அந்தக் காலத்தில் வந்த பணத்தைத்தான் நான் மிக முக்கியமான ஆதரவாகக் கருதுகிறேன். அது இல்லாமல் போயிருந்தால் பின்னால் பரிசு கொடுப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. இயக்கம் நட்ட மரங்கள் இன்று 5 கோடியைத் தாண்டிவிட்டன.

1984-ல் அவருக்கு, 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. உலகம் பாராட்டிய அந்தப் பெண்ணை அவருடைய அரசு என்ன செய்தது? 1989-ல் நைரோபியின் உகுரு பூங்காவில் ஆளுங்கட்சிக்காக 60 மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பத் திட்டமிட்டார்கள். மாத்தாய் எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். நாடாளுமன்றத்தில் அவருடைய மணமுறிவைக் குத்திக்காட்டிப் பேசினார்கள். இயக்கம் இருந்த அரசுக் கட்டடத்தை உடனே காலி செய்யச் சொன்னார்கள். அலுவலகம் முழுவதும் அவருடைய சிறிய வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஆனாலும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்வாங்க, அந்தக் கட்டடம் எழும்பவே இல்லை. 1992 தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு, அரசியல் கைதிகளின் தாய்மார்களோடு உகுரு பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது போலீசார் அடித்ததில் நினைவிழந்து மருத்துவமனைக்குப் போனார். 1999-ல் கருரா காட்டைக் காக்கப் போனபோது தலையில் காயம். இவ்வளவுக்கும் நடுவே அவர் உயிரோடு இருந்ததற்கு, வெளிநாட்டிலிருந்து கடிதமும் தந்தியும் அனுப்பிக் கேள்வி கேட்டவர்கள் ஒரு காரணம். விருதினால் வந்த பெயர் அங்கே உண்மையிலேயே கேடயமாக இருந்தது. ஆகவே விருதே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்துக்கு முன்னால் வந்தால் அது கேடயம் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும். "ஆப்பிரிக்கப் பெண்களைத் தலைவர்களாக உருவாக்குகிறோம்" என்று பல திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. அந்தச் சொற்றொடர் எனக்கு ஒவ்வாதது. தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ பெண்களுக்கென்று தனி அவைகள் இருந்தன. சந்தை அவர்கள் பொறுப்பு. வரம்பு மீறிய ஆணின் வீட்டு வாசலில் கூட்டமாக உட்கார்ந்து பாடியே அவனை வழிக்குக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. ஆங்கில ஆட்சி வந்து, ஆண்களை மட்டும் ஊர்த்தலைவர்களாக நியமித்து, பெண்களின் அவைகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டது. 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் வீட்டுக் கணக்கெடுக்க வந்தவன் நுவான்யெருவா என்ற பெண்ணிடம் ஆட்டையும் ஆட்களையும் எண்ணிச் சொல்லச் சொன்னான். பெண்கள் மீதும் வரி வரப்போகிறது என்ற செய்தி சந்தை சந்தையாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். 50 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண்கள் மீது வரி வரவில்லை. ஆங்கிலேயர் நியமித்த தலைவர்கள் பலர் பதவி இழந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, மேற்கே அபேயோகுட்டாவில் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி என்ற பள்ளி ஆசிரியை, சந்தைப் பெண்களைச் சங்கமாகத் திரட்டினார். பெண்கள் மீதான தனி வரியை எதிர்த்து அவர்கள் நடத்திய போராட்டத்தில் 1949 தொடக்கத்தில் அந்த ஊர் மன்னரே அரியணையை விட்டு விலக நேர்ந்தது. தலைமை அங்கே வேர் பிடித்து நின்ற ஒன்று. வெட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்த வரலாறு தெரிந்தால் ஆதரிக்கப் போகிறவர் பேசும் தொனியே மாறிவிடும்.

இனி, இனங்காண்பது. பதவிப் பெயரைத் தேடிப் போனால் ஆண்களே கிடைப்பார்கள். ஊரில் பணத்தை யாரிடம் நம்பிக் கொடுக்கிறார்கள், நோயாளி வீட்டுக்கு முதலில் போவது யார், அத்தை மாமனார் விரட்டிய விதவை எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்று கேட்டால் பெயர்கள் தாமாக வரும்.

பணத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சீட்டு போலவே சுழற்சிச் சேமிப்பு ஆப்பிரிக்கா முழுவதும் உண்டு. கென்யாவில் சாமா, கானாவில் சுசு, தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல், பிரெஞ்சு பேசும் நாடுகளில் தோந்தீன். நைஜர் நாட்டில் 1991-ல் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் இந்தப் பழக்கத்தின் மீதே ஒரு சேமிப்புக் குழு முறையைக் கட்டியது. இருபது இருபத்தைந்து பெண்கள், வாராவாரம் சிறு தொகை, அதிலிருந்தே கடன், ஆண்டு முடிவில் வட்டியோடு பங்கு. பணம் இருக்கும் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று வெவ்வேறு பெண்களிடம். எல்லார் முன்னிலையிலும்தான் திறக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். போன கூட்டத்தின் இருப்பை எல்லாரும் வாய்விட்டுச் சொல்வார்கள். இந்த முறை பிறகு கண்டம் முழுக்கப் பரவியது. சாவி வைத்திருக்கும் அந்த மூன்று பெண்களைப் பாருங்கள். பூசலைத் தீர்ப்பது, தவணை தவறியவளிடம் முகம் முறியாமல் பேசுவது, கணவன் பணம் கேட்டு வந்து நின்றால் விதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. நைஜரில் இத்தகைய குழுக்களிலிருந்து சிலர் உள்ளாட்சித் தேர்தலில் நின்று வென்றும் இருக்கிறார்கள்.

நோயாளி வீட்டுக்குப் போனவர்களின் கதை கென்யாவில் இருக்கிறது. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. வீட்டில் கிடந்த நோயாளிகளைக் குளிப்பாட்டியதும், சோறூட்டியதும், மாத்திரை கொடுத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள். சம்பளம் இல்லை, கையுறைகூடப் பல நேரம் இல்லை. க்ரூட்ஸ் கென்யா என்ற அடித்தளப் பெண்கள் அமைப்பு இவர்களை ஒன்று சேர்த்தது. இந்தப் பெண்கள் வீடு வீடாகப் போனதால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. கணவன் இறந்ததும் கொழுந்தன்மார்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு விதவையையும் பிள்ளைகளையும் வெளியேற்றுகிறார்கள். உடனே அவர்களே ஊர்க் காவல் குழுக்களை அமைத்தார்கள். ஊர்ப் பெரியவர்களையும் அரசு நியமித்த தலைவரையும் சேர்த்துக்கொண்டு, வழக்காகும் முன்பே பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். முடியாதபோது ஆவணங்களைத் திரட்டி அதிகாரிகளிடம் போனார்கள். கென்யாவின் 2010 அரசியலமைப்பு நிலத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்று எழுதிவைத்தது. எழுதியதைக் கிராமத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர இத்தகைய குழுக்கள் வேண்டும். எந்த வல்லுநரும் திட்டம் தீட்டித் தராத வேலை இது. நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தெரிந்துகொண்டு செய்தது.

எத்தியோப்பியாவின் போகலெட்ச் கெப்ரே இன்னொரு விதம். கெம்பாட்டா பகுதியில் பிறந்து, சிறு வயதில் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு ஆளாகி, வீட்டாருக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போய்ப் படித்து, இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் உயர்கல்வி பெற்றவர். 1990-களில் ஊருக்குத் திரும்பி எய்ட்ஸ் பற்றியும் பெண்களின் உடல்நலம் பற்றியும் பேசத் தொடங்கினார். ஊரார் சொன்னது: முதலில் பாலம் கட்டிக்கொடு. ஓடையைக் கடக்க முடியாமல் பிள்ளைகள் பள்ளிக்கும் வியாபாரிகள் சந்தைக்கும் போக முடியவில்லை. பாலத்துக்கு ஏற்பாடு செய்தார். அதன் பிறகுதான் அவர் பேச்சுக்கு ஊர் காது கொடுத்தது. 1997-ல் தன் தங்கையோடு சேர்ந்து கே.எம்.ஜி. என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆண்களும் பெண்களும், முதியோரும் இளையோரும், சிதைப்பைச் செய்துவந்த பெண்களும்கூட ஒன்றாக உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசும் கூட்டங்கள் நடந்தன. 2002-ல் ஓர் இளம் இணை, மணமகள் சிதைப்புக்கு ஆளாகாதவள் என்று வெளிப்படையாக அறிவித்துத் திருமணம் செய்துகொண்டது. ஆயிரக்கணக்கானோர் வந்து வாழ்த்தினார்கள். அவர் வேலை செய்த பகுதிகளில் ஏறக்குறைய எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் நடந்துகொண்டிருந்த கொடுமை 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. பெல்ஜியத்தின் கிங் பாதுவான் பரிசு 2013-ல் வந்தது. 2019-ல் காலமானார்.

உங்கள் கேள்விக்கு இதில் ஒரு நேரடிப் பதில் இருக்கிறது. சிதைப்பை ஒழிக்க மட்டுமே பணம் என்று கொடையாளர் விதி வைத்திருந்தால், பாலம் அந்தக் கணக்கில் வராது. தலைவிக்குப் பணம் கொடுக்கும்போது, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையையும் அவளிடமே விட வேண்டும்.

அவளை நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லைபீரியா சாட்சி. 2003-ல் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லி, லெய்மா போவி முன்னின்று, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தது அந்த நாட்டில் புதிது. முஸ்லிம் பெண்களைத் திரட்டியவர் அசாத்து பா கென்னத் என்ற காவல்துறை அதிகாரி. இந்த இயக்கத்தின் வலையமைப்பை முதலில் சிந்தித்தவர்களில் நைஜீரிய வழக்கறிஞர் தெல்மா எகியோர் ஒருவர். நோபல் பட்டியலில் இந்தப் பெயர்கள் இல்லை. கானாவின் அக்ரா நகரில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, பெண்கள் அந்தக் கூடத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்து, உடன்பாடு வராமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். 2003 ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டது ஆயுதம் வைத்திருந்தவர்களும் அரசியல் கட்சிகளும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. போராளிகளிடமிருந்து ஆயுதங்களைத் திரும்பப் பெறும் வேலையை ஐ.நா. படை எடுத்துக்கொண்டது. இந்தப் பையன்களை எங்களுக்குத் தெரியும், எப்படிப் பேசுவது என்றும் தெரியும் என்று பெண்கள் சொன்னது காதில் விழவில்லை. 2003 டிசம்பர் 7 அன்று முகாம் திறந்தபோது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்துவிட்டார்கள், பணம் எப்போது வரும் என்று தெரியாமல் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. வேலையை நிறுத்தி, 2004 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. இந்தப் பையன்களில் பலருக்கு அந்தப் பெண்கள் தாயாகவோ அத்தையாகவோ இருந்தவர்கள்; அவர்கள் உள்ளே போய்ப் பேசியபோது நிலைமை தணிந்தது. லெய்மா போவிக்கு நோபல் பரிசு 2011-ல் வந்தது. டிசம்பர் 2003-ல் திட்டமிடும் மேசையில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் அந்தப் பரிசை விடப் பெரிய மரியாதையாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேசையில் இடம் கிடைத்த பெண் என்ன செய்ய முடியும் என்பதற்கு மலாவியின் தெரேசா கச்சிந்தமோட்டோவைப் பார்க்கலாம். சோம்பா நகரில் ஒரு கல்லூரியில் 27 ஆண்டுகள் செயலராக இருந்தவர். பரம்பரை ஊர்த்தலைவர் குடும்பத்தின் கடைக்குட்டி. தெட்சா மாவட்டத்தில் தன் பகுதிக்கு மூத்த தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஊர் திரும்பியபோது, கையில் குழந்தையோடு நின்ற சிறுமிகளைப் பார்த்தார். தனக்குக் கீழிருந்த ஐம்பது துணைத் தலைவர்களைக் கூட்டி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் உடன்பாட்டில் கையெழுத்து வாங்கினார். அதை மீறித் திருமணத்துக்கு இடம் கொடுத்த தலைவர்களைப் பதவியிலிருந்து நீக்கினார்; அந்தத் திருமணங்கள் ரத்தான பிறகே மீண்டும் சேர்த்துக்கொண்டார். சில ஆண்டுகளில் 850-க்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்தாகிச் சிறுமிகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். மிரட்டல்கள் வந்தன. திரும்பிய பிள்ளையை மறுபடியும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள, ஊரில் அம்மாக்களும் அப்பாக்களும் அடங்கிய ஒரு கண்காணிப்பு வலையை வைத்தார். மலாவியில் அப்போது தொடக்கப்பள்ளி இலவசம், உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டணம் இருந்தது. அங்கேதான் வெளி உதவி தேவைப்பட்டது: அந்தக் கட்டணம். 2017-ல் நாட்டின் அரசியலமைப்பே திருத்தப்பட்டு, பெற்றோர் சம்மதித்தாலும் 18 வயதுக்குக் கீழ் திருமணம் இல்லை என்றானது.

நாற்காலி பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. ருவாண்டா நாடாளுமன்றத்தின் கீழவையில் 2013-ல் பெண்கள் 64 சதவீதம்; உலகிலேயே மிக உயர்ந்த அளவு. கென்யாவின் அரசியலமைப்பு எந்தப் பாலினமும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றாமல் தள்ளிக்கொண்டே வருகிறது. எண்ணிக்கை தேவைதான். ஆனால் நாடாளுமன்றத்தில் எத்தனை பெண்கள் என்பதை வைத்து, கிராமத்துத் தண்ணீர்க் குழுவில் யார் பேச்சு எடுபடுகிறது என்று சொல்லிவிட முடியாது.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் ஆதரவைப் பற்றிப் பேசக்கூடாது. மொம்பாசா அருகே ஓவினோ உகுரு குடியிருப்பில் பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர் ஃபிலிஸ் ஒமிடோ. தாய்ப்பால் குடித்த அவருடைய குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. ஊரைத் திரட்டிப் போராடினார், 2012-ல் கைது, கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு, பிறகு விடுதலை. 2014-ல் ஆலை மூடப்பட்டது, 2015-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது, 2020-ல் அந்த ஊர் மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் இழப்பீடு என்று நீதிமன்றத் தீர்ப்பு. இதற்கிடையே மிரட்டல்களுக்குப் பயந்து அவர் மறைந்து வாழ்ந்த காலமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே ந்ட்ஷாங்காசே என்ற பாட்டிக்கு அந்தக் காலமும் கிடைக்கவில்லை. 2020 அக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சோமாலியாவின் மருத்துவர் ஹாவா அப்தி 1983-ல் ஓர் அறை கொண்ட மருத்துவமனையாகத் தொடங்கியது, உள்நாட்டுப் போரில் வீடிழந்தவர்கள் வந்து சேரச் சேர, ஒரு கட்டத்தில் சுமார் 90,000 பேர் வாழும் இடமானது. குலம் கேட்கக்கூடாது, மனைவியை அடிக்கக்கூடாது என்பவை அங்கே சட்டம். 2010 மே மாதம் ஆயுதக் குழு ஒன்று புகுந்து, ஒரு பெண் இவ்வளவு பெரிய இடத்தை நடத்தக்கூடாது என்றது. அவர் அசையவில்லை. முகாமில் இருந்த பெண்கள் வீதிக்கு வந்தார்கள். வெளிநாடுகளில் இருந்த சோமாலியர்கள் குரல் எழுப்பினார்கள். வெளியேறிய அந்தக் குழுவை எழுத்தில் மன்னிப்புக் கேட்க வைத்தார். அவரைக் காத்தது அந்த நேரத்தில், அந்த வாரத்திலேயே எழுந்த குரல்.

ஆகவே பணம் வேகமாகப் போகும் வழி வேண்டும். நைரோபியில் 2001 முதல் இயங்கும் அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்ட் ஆப்பிரிக்கா இதற்காகவே உருவானது: இடம் மாற, வழக்கறிஞர் வைக்க, வீட்டுக்குப் பூட்டும் விளக்கும் போட, சில நாட்களிலேயே பணம் போய்ச் சேரும். 2000-ல் பிசி அடெலேயே ஃபயேமி, ஜோவானா ஃபாஸ்டர், ஹில்டா தாத்ரியா மூவரும் தொடங்கி, அக்ராவிலிருந்து நடக்கும் ஆப்பிரிக்கப் பெண்கள் மேம்பாட்டு நிதியம் கண்டம் முழுவதும் உள்ள பெண்கள் அமைப்புகளுக்கு நல்கை தருகிறது. இவை ஆப்பிரிக்கப் பெண்களே நடத்துபவை. எந்த ஊரில் எந்தக் குழு உண்மையில் வேலை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய கொடையாளர்களின் வழக்கமான பாதை வேறு. ஓராண்டு ஈராண்டுத் திட்டம், ஆங்கிலத்தில் விண்ணப்பம், தணிக்கை செய்த கணக்கு, பதிவுச் சான்று. பெட்டிக்கு மூன்று சாவி வைத்துப் பத்தாண்டுகளாக ஒரு காசு தவறவிடாத குழு இந்தப் படிவத்தின் முன்னால் தகுதியற்றதாகிவிடுகிறது. பாலினச் சமத்துவத்துக்கென்று பணக்கார நாடுகள் ஒதுக்கும் உதவியில் பெண்கள் அமைப்புகளைப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 1 சதவீதம். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது.

இன்னொன்று, கூலி. எத்தியோப்பியா 2003-ல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில் ஊருக்கு இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அரசுச் சம்பளத்தில் அமர்த்தியது. 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள். அதே நாட்டில் பின்னால் வந்த 'பெண்கள் மேம்பாட்டுப் படை' என்ற தன்னார்வத் தொண்டர் அமைப்பில் லட்சக்கணக்கானோர் சம்பளமின்றி வேலை செய்தார்கள். கென்யாவில் வெகுகாலம் தொண்டாகவே நடந்த சமூக சுகாதார வேலைக்கு 2023-ல் சுமார் 1,00,000 பேருக்கு மாத ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பாலோர் பெண்கள். "தியாகம்" என்று புகழ்ந்து ஒரு சான்றிதழை நீட்டுவதைவிட, தேதி தவறாமல் சம்பளம் போடுவதுதான் அவர்களைத் தலைவர்களாக மதிப்பது.

நீங்கள் என்ன செய்யலாம் என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கொடுக்கக் கொஞ்சம் பணம் இருந்தால், மேலே சொன்னது போல ஆப்பிரிக்கப் பெண்களே நடத்தும் நிதியங்களுக்கு, இன்ன வேலைக்கு என்று கட்டாமல், ஆண்டுதோறும் கொடுங்கள். ஒருமுறை பெரிய தொகையைவிட ஐந்தாண்டு தொடரும் சிறு தொகை குழுவுக்குத் திட்டமிட உதவும். எழுதத் தெரிந்தவர் என்றால், தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தப் பெண்களுக்கு நல்ல கட்டுரைகள் வேண்டும். ஒருவரை எழுதும்போது அவரோடு நின்றவர்களின் பெயர்களையும், அமைப்பின் பெயரையும், ஊரின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். "ஆப்பிரிக்கப் பெண்" என்று பொதுவாக எழுதாமல் எந்த நாடு, எந்த மாவட்டம் என்று எழுதுங்கள். ஆபத்தில் இருப்பவரைப் பற்றிச் செய்தி வந்தால் அன்றைக்கே அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதுங்கள். உங்கள் கடிதம் நூறில் ஒன்றாக இருந்தாலும் போகட்டும். ஆனால் அவருடைய படத்தையோ இருப்பிடத்தையோ பகிர்வதற்கு முன் அவர் தரப்பில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள்.

விருது நிகழ்ச்சிதான் நடத்துவது என்று முடிவு செய்திருந்தால், தேர்வுக்குழுவில் பாதிக்கு மேல் அந்த வேலையைச் செய்த ஆப்பிரிக்கப் பெண்களாக இருக்கட்டும். விண்ணப்பத்தை அவரவர் மொழியில், குரல் பதிவாகவும் வாங்குங்கள். தலைவியோடு அவருடைய குழுவின் பொருளாளரையும் அழையுங்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள், பயணச் செலவை முன்பணமாகக் கொடுங்கள். செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். பரிசுத் தொகையில் ஒரு பங்கு அவர் சொந்தத்துக்கு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அவருடைய பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், அவருடைய மருத்துவச் செலவு. மீதி குழுவின் கணக்குக்குப் போகட்டும், எதற்குச் செலவு செய்வது என்பதை அவர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள்.